கரை சேர்ந்தும் வீடு சேராத உதவி: மரியா சூறாவளிக்குப் பின் புவேர்ட்டோ ரிக்கோ

2018 செப்டம்பரில், மரியா சூறாவளி தாக்கி ஓராண்டு நிறையவிருந்த வேளையில், கரீபியக் கடலில் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியாக இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தீவின் கிழக்குக் கரையிலுள்ள செய்பா என்ற ஊரிலிருந்து சில படங்கள் வெளியாயின. பழைய கடற்படைத் தளத்தின் பயன்படாத ஓடுபாதையில் குடிநீர் பாட்டில்கள் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. ஒன்றிரண்டு லாரிச் சுமை அல்ல. சரக்குப் பலகைக் கணக்கில் ஏறத்தாழ 20,000. முந்தைய ஆண்டு இதே தீவின் மக்கள் மலையோடைகளில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்கள். டொராடோ என்ற ஊரில், நச்சுக் கழிவால் மாசடைந்தது என்று அரசே பட்டியலிட்டிருந்த பகுதியின் கிணறு ஒன்றில்கூடக் குடங்களை நிரப்பிச் சென்றார்கள்.

படங்கள் வெளியானதும் வழக்கம்போல் விளக்கங்கள் வந்தன. அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா, தண்ணீரைத் தீவின் அரசிடம் ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னது. தீவின் அரசு அலுவலகமோ, கொஞ்சம் விநியோகித்ததாகவும் வாசனையும் சுவையும் சரியில்லை என்று புகார் வந்ததால் நிறுத்திவிட்டதாகவும் சொன்னது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தாகத்துடன் இருந்தவருக்கு அதனால் ஆன பயன் ஒன்றுமில்லை.

சூறாவளியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு எப்படி உதவுவது என்ற கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், எதை அனுப்ப வேண்டும் என்பதைப் பற்றியதாகவே இருக்கிறது. மரியாவின் கதை அந்தக் கேள்வியை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. புவேர்ட்டோ ரிக்கோவுக்கு உதவி வராமல் போகவில்லை, ஏராளமாக வந்தது. அது எங்கெங்கே நின்றது, நிற்காமல் போய்ச் சேர்ந்தது யார் கைவழியாக என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தீவில் பலித்த உதவிகளில் பெரும்பாலானவை, புயலுக்கு முன்பே அங்கே இருந்த யாரோ ஒருவரின் கைவழியாகப் போனவை.

இரண்டு வாரத்தில் இரண்டு சூறாவளிகள்

2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி தீவின் வடக்கே உரசிச் சென்றது. அமெரிக்க வெர்ஜின் தீவுகள் அதில் பலத்த அடி வாங்கின. புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த ஃபீமா கிடங்கின் சரக்கில் 80 சதவீதத்துக்கும் மேல் இர்மா நிவாரணத்துக்காக வெளியே போனது. அதில் பெரும்பகுதி அந்த அண்டைத் தீவுகளுக்கு. செய்ய வேண்டிய காரியம்தான் அது. ஆனால் கிடங்கை மறுபடி நிரப்புவதற்குள் மரியா வந்துவிட்டது.

செப்டம்பர் 20 அதிகாலை, தென்கிழக்கில் யபுகோவா அருகே நான்காம் நிலைச் சூறாவளியாக மணிக்கு 250 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கரையேறி, தீவைக் குறுக்காகக் கடந்து சென்றது. சுமார் 33 லட்சம் பேர் வாழ்ந்த தீவு முழுவதும் மின்சாரம் போனது. கைபேசிக் கோபுரங்களில் 95 சதவீதம் செயலிழந்தன. மின்சார வாரியம் அதே ஆண்டு ஜூலையிலேயே திவால் பாதுகாப்பு கோரியிருந்தது. பழைய கம்பங்கள், பராமரிக்காத பாதைகள், வெளியேறிவிட்ட தொழிலாளர்கள் என்று அது ஏற்கெனவே நொடிந்து கிடந்தது. டெக்சாஸில் ஹார்வி, புளோரிடாவில் இர்மா என ஃபீமாவின் ஆட்கள் முன்பே சிதறியிருந்தார்கள். தன் திட்டமிடல் இத்தகைய நிலையைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது என்று அடுத்த ஆண்டு ஜூலையில் ஃபீமாவே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

துறைமுகத்தில் குவிந்தவை

முதல் வாரத்தில் எல்லோரும் பேசியது ஜோன்ஸ் சட்டத்தைப் பற்றி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றிச் செல்லும் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டதாகவும், அமெரிக்கர்களுக்குச் சொந்தமானதாகவும், அமெரிக்க மாலுமிகளைக் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்பது 1920-ஆம் ஆண்டுச் சட்டம். தீவில் எல்லாப் பொருளும் விலை ஏறியிருப்பதற்கு அதுவே காரணம் என்ற மனக்குறை அங்கே நெடுநாளாக உண்டு. செப்டம்பர் 28 அன்று அச்சட்டத்திலிருந்து பத்து நாள் விலக்கு அளிக்கப்பட்டது.

அந்த மனக்குறை நியாயமானது. ஆனால் அந்த வாரத்தின் முடிச்சு கடலில் இல்லை, கரையில் இருந்தது. சான் உவான் துறைமுகத்தில் ஏறத்தாழ 10,000 கன்டெய்னர்கள் இறங்கி நகராமல் நின்றன. அவற்றில் நிவாரணப் பொருள் மட்டுமல்ல, கடைகளுக்கு வர வேண்டிய அன்றாடச் சரக்கும் இருந்தது. லாரி ஓட்டுநர்களில் ஐந்தில் ஒரு பங்கினரே வேலைக்கு வந்திருந்தார்கள் என்று அப்போதைய செய்திகள் கூறின. வராதவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓட்டுநரின் வீட்டுக் கூரையும் பறந்திருந்தது. அவரை அழைக்கத் தொலைபேசி இல்லை. அவர் வர நினைத்தாலும் சாலையில் மரம் விழுந்து கிடந்தது. காருக்குப் பெட்ரோல் போட நாள்முழுக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. வந்து லாரியை எடுத்தாலும் அதற்கு டீசல் வேண்டும்.

நிவாரணக் கணக்குகளில் ஓட்டுநர் என்ற மனிதர் பெரும்பாலும் வருவதே இல்லை. இருபது டன் அரிசி, ஐம்பதாயிரம் பாட்டில் தண்ணீர் என்று அனுப்பியவர்கள் எண்ணிச் சொல்கிறார்கள். அதை மலையூர் வரை கொண்டுபோகிறவர் யார், அவருடைய பிள்ளைகள் அன்றிரவு எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. அந்த வாரத்தில் ஓட்டுநர்களின் குடும்பங்களுக்குத் தங்குமிடமும் டீசலும் ஏற்பாடு செய்திருந்தால், அடுத்த கப்பல் கொண்டுவந்ததைவிட அதிக நன்மை நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

2020-இல் வெளியான தணிக்கை அறிக்கை, ஃபீமா அனுப்பியவற்றின் கணக்கை எடுத்துவைத்தது. போய்ச் சேர்ந்த சரக்குகள் இறுதி இடத்தை அடையச் சராசரியாக 69 நாள் ஆயிருந்தது. அனுப்பிய சரக்குகளில் சுமார் 38 சதவீதம், மதிப்பில் ஏறத்தாழ 25.7 கோடி டாலர், எங்கே இருக்கிறது என்றே முகமையால் தொடர்ந்து கண்காணிக்க முடியாமல் போயிருந்தது. கன்டெய்னரின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்ற சீட்டு இல்லாததால், தண்ணீரா தார்ப்பாயா என்று திறந்து பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்த நேரங்கள் உண்டு. உதவி அனுப்பும் எந்தச் சிறு குழுவுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: பெட்டியின் மேல் உள்ளடக்கத்தை அந்த ஊர் மொழியில் எழுதி ஒட்டாவிட்டால், அந்தப் பெட்டி அங்கே இன்னொருவரின் ஒரு நாள் வேலையைத் தின்றுவிடும்.

தனியார் கொடையின் கதியும் மேலானதாக இல்லை. 2018 ஆகஸ்டில் சான் உவானின் தேர்தல் ஆணைய வளாகத்தில், கொடையாளர்கள் அனுப்பிய உணவும் குழந்தைகளுக்கான பொருள்களும் நிறைந்த குறைந்தது பத்து டிரெய்லர்கள் எலிகளுக்கு இரையாகிக் கிடந்ததை உள்ளூர் வானொலி ஒன்று வெளிக்கொண்டு வந்தது. 2020 ஜனவரியில் நிலநடுக்கங்கள் தெற்குக் கரையை உலுக்கியபோது, பொன்ஸே நகரத்துக் கிடங்கு ஒன்றில் தண்ணீர், கட்டில், டயபர் எல்லாம் கேட்பாரற்று இருந்ததை மக்களே கண்டுபிடித்து உள்ளே புகுந்தார்கள். பேரிடர் மேலாண்மைத் தலைவர் அன்றே பதவி நீக்கப்பட்டார். யாரோ ஒருவர் தன் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வாங்கி அனுப்பிய பால்மாவும் அந்த டிரெய்லர்களில் இருந்திருக்கும் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

அனுபவமற்றவர்களுக்குக் கொடுத்த ஒப்பந்தங்களின் கதை தனி. 3 கோடி உணவுப் பொட்டலங்களுக்கு 15.6 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் 50,000 பொட்டலங்களோடு நின்றது. தார்ப்பாய்க்காக 3 கோடி டாலருக்கு ஒப்பந்தமான இன்னொன்று ஒரு தார்ப்பாயைக்கூட அனுப்பவில்லை. இதற்கிடையே 2017 அக்டோபர் 3 அன்று வந்த அமெரிக்க அதிபர், குவைனாபோவில் கூடியிருந்தவர்களை நோக்கிக் காகிதத் துவாலைச் சுருள்களை வீசினார். உதவியைக் காட்சியாக நடத்துவது எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது.

சான்கோச்சோ அண்டா

செப்டம்பர் 25 அன்று, புயல் கடந்த ஐந்தாம் நாள், சமையல் கலைஞர் ஹோசே ஆன்ட்ரேஸ் சான் உவானில் வந்திறங்கினார். அவருடைய வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அப்போது சிறிய அமைப்பு. இத்தனை பெரிய வேலையைச் செய்த அனுபவம் அதற்கு இல்லை. சான்டூர்ஸே பகுதியில் ஹோசே என்ரிகே என்ற உள்ளூர்ச் சமையல்காரர் தன் உணவகத்தில் ஏற்கெனவே அடுப்பு மூட்டியிருந்தார். கிழங்கும் சோளமும் இறைச்சியும் சேர்த்துக் கொதிக்கவிடும் சான்கோச்சோ என்ற குழம்பை அண்டா அண்டாவாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்ரேஸ் போய்ச் சேர்ந்துகொண்டது அந்த அடுப்படியில்தான்.

அடுத்த சில வாரங்களில் வேலை நகரின் பெரிய உள்ளரங்குக்கு மாறியது. பிறகு தீவின் பல ஊர்களில் கிளைச் சமையற்கூடங்கள் திறந்தன. மொத்தம் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடுகள் வெளியே போயின. கோடிக்கணக்கில் ஒப்பந்தம் வாங்கியவர்கள் கைவிரித்த இடத்தில் இது எப்படி நடந்தது?

ஆன்ட்ரேஸின் துடிப்பும் பேச்சும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் இயந்திரம் ஓடியது வேறு எரிபொருளில். தீவின் மொத்த வியாபாரிகளின் கிடங்குகளில் உணவுப் பொருள் இருந்தது. அதை எங்கே, யாரிடம் வாங்கலாம் என்பது உள்ளூர்ச் சமையல்காரர்களுக்குத் தெரியும். வியாபாரிகளுக்கும் அவர்களைத் தெரியும் என்பதால் கடன் பேச முடிந்தது. நடமாடும் உணவு வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு எந்தத் தெரு திறந்திருக்கிறது, எந்த முதியோர் குடியிருப்பில் லிப்ட் நின்றுபோய் மேல்மாடியில் ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. வெளியிலிருந்து வந்தது பணமும் ஒருங்கிணைப்பும் பெயரும். மற்றதெல்லாம் தீவிலேயே இருந்தது. உணவை வெளியிலிருந்து கொண்டுவராமல் அங்கேயே வாங்கியதால், வியாபாரியின் கடை திறந்தது, வேலையாளுக்குச் சம்பளம் கிடைத்தது. சாப்பிட்டவருக்கும் அது தன் ஊர்ச் சாப்பாடு. சூடான சோற்றுக்கும் ராணுவப் பொட்டலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சத்துக் கணக்கால் அளக்க முடியாது.

பெயர் பெறாத சமையற்கூடங்களும் இருந்தன. காகுவாஸ் நகரில் ஏழை மாணவர்களுக்கு முன்பே பொது உணவு நடத்திவந்த இளைஞர்கள், புயல் கடந்த சில நாளிலேயே ஒரு பரஸ்பர உதவி மையத்தைத் திறந்தார்கள். சாப்பிட வந்தவர்கள் முடிந்தால் பணம் கொடுக்கலாம், பொருள் கொடுக்கலாம், இல்லாவிட்டால் பாத்திரம் கழுவலாம், காய் நறுக்கலாம். இது இலவசத்துக்கு எதிரான கண்டிப்பு அல்ல. வீடு போய், வேலை போய், கையைக் கட்டி வரிசையில் நிற்க நேர்ந்தவருக்கு ஒரு வேலையைக் கொடுப்பதும் உதவிதான் என்ற தெளிவு அது. உமகாவோவின் மரியானா என்ற மலைக் கிராமத்திலும் இப்படியொரு சமையற்கூடம் எழுந்தது. அதே உமகாவோவின் கடலோரப் பகுதியான புன்டா சான்டியாகோவில்தான் மக்கள் தண்ணீரும் உணவும் வேண்டும் என்று சாலையில் பெரிய எழுத்துகளில் எழுதிவைத்தார்கள். வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் உலகெங்கும் போனது.

உத்துவாதோவின் ரியோ அபாஹோ பகுதியில் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரை மக்கள் கம்பி கட்டி, கப்பி மாட்டி, கடைகளில் பொருள் தள்ளிச் செல்லும் வண்டி ஒன்றை அதில் தொங்கவிட்டார்கள். தண்ணீரும் உணவும் அந்த வண்டியில் ஆற்றைக் கடந்தன. தங்கள் இடத்துக்கு மறக்கப்பட்டவர்களின் முகாம் என்று பெயரும் எழுதி வைத்தார்கள். அந்தக் கம்பிக்கு இக்கரையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைப்பதுதான் வெளியாள் செய்திருக்கக்கூடிய உதவி. அதற்கு அப்படியொரு கம்பி இருப்பது முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்திருந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களே.

பணம் என்ற எளிய பதிலும் அதன் சிக்கலும்

பொருளை விடப் பணம் அனுப்புவதே மேல் என்று நிவாரணத் துறையில் இருப்பவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். 1998-இல் மிட்ச் சூறாவளிக்குப் பிறகு ஹோண்டுராஸுக்கு யாரும் கேட்காத பழைய துணி வந்து குவிந்து, நிவாரண விமானம் இறங்கவே தடையானதை அத்துறையினர் இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். வந்த துணிகளில் குளிர்காலக் கோட்டுகளும் இருந்தன. பணத்துக்குக் கிடங்கு வேண்டாம், அது கெட்டுப்போகாது, இன்று தண்ணீராகவும் நாளை ஆணியாகவும் மாறும்.

எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மரியா ஒரு திருத்தம் சொல்கிறது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாத தீவில் முதல் வாரங்களில் வங்கி அட்டைக்கு மதிப்பில்லை. ஏடிஎம் இயங்கவில்லை. அரசின் உணவு உதவியை அட்டையில் வைத்திருந்தவர்கள், அந்த அட்டையைப் படிக்கும் கருவி வேலை செய்யாததால் கடை வாசலில் நின்றார்கள். கடைக்காரர் ரொக்கம் மட்டுமே கேட்டார். ஆகவே பணம் யாருடைய கையில், எந்த வடிவில், எந்த வாரத்தில் போய்ச் சேரும் என்பதைக் கேட்காமல் அனுப்பும் பணமும் கன்டெய்னரைப் போலவே எங்கோ நின்றுவிடும். முதல் மாதத்தில் பணம், பொருளை வாங்கிச் சமைத்தோ சுமந்தோ கொடுக்கக்கூடிய உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டியிருந்தது. கடைகள் திறந்த பிறகு குடும்பத்தின் கைக்கே நேராகப் போவது நல்லது. எது தேவை என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும்.

மின்சாரம் இல்லாததால் நேர்ந்த சாவுகள்

மாதக்கணக்கில் அரசின் இறப்புக் கணக்கு 64-இல் நின்றது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கேட்டறிந்து 2018 மே மாதம் வெளியிட்ட ஆய்வு, கூடுதல் சாவுகள் சுமார் 4,645 இருக்கலாம் என மதிப்பிட்டது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, சிகிச்சை தாமதமானதாலோ தடைப்பட்டதாலோ நேர்ந்தது என்றது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2,975 என்றது. ஆகஸ்ட் 28 அன்று அதையே அரசு ஏற்றுக்கொண்டது.

இந்த எண்கள் உதவியின் பொருளையே மாற்றுகின்றன. மரியாவின் சாவுகளில் பெரும்பகுதி அந்த ஒரு நாள் காற்றில் நேரவில்லை. பிறகு வந்த மாதங்களில், இருட்டில் நேர்ந்தது. ஆக்ஸிஜன் கருவி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய இன்சுலின், டயாலிசிஸ் ஆகிய மூன்றும் மின்சாரத்தை நம்பியவை. புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த சிறிய வியேகெஸ் தீவின் மருத்துவமனை பழுதாகிவிட்டதால், அங்கிருந்த சிறுநீரக நோயாளிகள் வாரம் மூன்று முறை விமானமேறிப் பெரிய தீவுக்குப் போய்வந்தார்கள். ஆனால் அமெரிக்கக் கடற்படையின் கம்ஃபர்ட் மருத்துவமனைக் கப்பலில் அக்டோபர் நடுவில் 250 படுக்கைகளில் 33 மட்டுமே நிரம்பியிருந்தன. கப்பலில் மருத்துவர்கள் இருந்தார்கள், தீவில் நோயாளிகள் இருந்தார்கள். நடுவில் பரிந்துரைச் சீட்டு என்ற நடைமுறை இருந்தது. அதைப் பெறத் தொலைபேசி இல்லை, நோயாளியைக் கொண்டுபோக வண்டியும் இல்லை.

மலைநகரமான அத்ஹுன்தாஸில் காசா புவெப்லோ என்ற அமைப்பு 1980 முதல் இயங்கிவருகிறது. சுரங்கத் திட்டத்தை எதிர்த்துத் தொடங்கி, காடு காத்து, காப்பிக்கொட்டை விற்று வாழும் அமைப்பு. 1999 முதல் அதன் கட்டடம் சூரிய மின்சாரத்தில் ஓடியது. தீவே இருண்டபோது அந்த இளஞ்சிவப்பு வீட்டில் விளக்கு எரிந்தது. கைபேசிக்கு மின்னேற்றவும் மருந்தைக் குளிரவைக்கவும் மூச்சுக்கருவி ஓட்டவும் மக்கள் அங்கே வந்தார்கள். வெளியிலிருந்து கிடைத்த பணத்தில் அவர்கள் சூரிய விளக்குகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் கொடுத்தார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் வீட்டில் சூரியத் தகடு பொருத்தினார்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று தெரிந்த அமைப்பால்தான் இந்த வரிசையை வகுக்க முடியும்.

பெரிய மின்கட்டமைப்பைச் சீர்செய்த கதை நேரெதிர். ஒரு மாநிலத்தில் புயலடித்தால் மற்ற மாநில மின்வாரியங்கள் ஆட்களையும் வண்டிகளையும் அனுப்பும் பரஸ்பர உதவி ஏற்பாடு அமெரிக்காவில் பல்லாண்டுகளாக உண்டு. அதை உடனே கோராமல், இரண்டே முழுநேர ஊழியர்கள் கொண்ட மொன்டானா நிறுவனம் ஒன்றுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது தீவின் மின்வாரியம். எதிர்ப்பு கிளம்பி அக்டோபர் இறுதியில் ரத்தானது. அதற்குள் விலைமதிப்பற்ற வாரங்கள் போய்விட்டன. கடைசி ஊர்களுக்கு மின்சாரம் திரும்பியது 2018 ஆகஸ்டில், சுமார் பதினொரு மாதம் கழித்து.

பட்டா இல்லாத வீடு

படத்தில் வராத உதவி ஒன்று உண்டு. தனிநபர் உதவி கேட்டு ஃபீமாவுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. அவற்றில் பல்லாயிரம் வீடுகளுக்குச் சொல்லப்பட்ட காரணம், வீடு உங்களுடையது என்பதற்குச் சான்று இல்லை என்பது.

தாத்தா விட்டுச்சென்ற நிலத்தில் பேரன் ஒரு தளம் எழுப்பிக்கொள்வான். பத்திரம் தாத்தா பெயரிலேயே இருக்கும், அல்லது இருக்காது. தீவின் சட்டப்படி சொத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆகவே நாற்பது ஆண்டு குடியிருந்தவர், கூரை போன வீட்டின் முன் நின்றுகொண்டு, இது என் வீடு என்று நிரூபிக்க முடியாமல் தவித்தார். இந்த இடத்தில் தேவைப்பட்டது போர்வை அல்ல, வழக்கறிஞர். புயலுக்குப் பிறகு கூடிய உள்ளூர்ச் சட்ட உதவியாளர்கள், பின்னாளில் அயுதா லெகால் புவேர்ட்டோ ரிக்கோ என்று அறியப்பட்ட அமைப்பினர் உட்பட, தீவின் சட்டத்தையே ஆதாரமாக வைத்து, உரிமையை உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கும் ஒரு படிவத்தை வகுத்தார்கள். 2018-இல் ஃபீமா அதை ஏற்க ஒப்புக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு அதை எடுத்துச் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் வேலையும் தன்னார்வலர்களின் தலையில் விழுந்தது. 2021 செப்டம்பரில் ஃபீமா நாடு முழுவதற்குமான தன் சான்று விதிகளையே தளர்த்தியது. ஒரு படிவத்தை எழுதியவர்களின் உழைப்பு, பிறகு மற்ற மாநிலங்களில் புயலில் சிக்கியவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கன்டெய்னர்களின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஈமச் செலவுக்கான உதவியிலும் இதே காகிதச் சுவர். 2018 கோடை வரை 2,431 குடும்பங்கள் கேட்டன, 75-க்குத்தான் கிடைத்தது. இறப்புக்கும் சூறாவளிக்கும் உள்ள தொடர்பைச் சான்றிதழில் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி எழுதும் பயிற்சி பல மருத்துவர்களுக்கு இருக்கவில்லை என்பதை ஜார்ஜ் வாஷிங்டன் ஆய்வும் குறிப்பிட்டது.

போக வேண்டியவர்கள், போகக் கூடாதவர்கள்

நேரில் போய் உதவ விரும்புகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே இல்லாத எது உங்களிடம் இருக்கிறது என்பதே. தொலைத்தொடர்பு அறுந்த தீவுக்கு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அமெச்சூர் வானொலி இயக்குபவர்களைக் கேட்டது. 22 பேர் தங்கள் கருவிகளோடு போனார்கள். உறவினர் உயிருடன் இருக்கிறார்கள் என்ற செய்தியும், மின்நிலையங்களுக்கிடையிலான தகவலும் அவர்கள் வழியே சென்றன. மின்கம்பத் தொழிலாளி, செவிலியர், ஸ்பானிய மொழி தெரிந்த சமூகப் பணியாளர் ஆகியோரும் இந்த வகையில் வருவார்கள். வெறும் நல்ல மனத்தோடு மட்டும் போகிறவர், பற்றாக்குறையில் இருக்கும் ஊரில் ஒரு படுக்கையையும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் எடுத்துக்கொள்கிறார். கடுமையாகத் தோன்றலாம், கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

போகாமலே செய்யக்கூடியது நிறைய இருந்தது. மரியாவுக்குப் பிந்தைய மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தீவைவிட்டு வெளியேறினார்கள். கணிசமானோர் புளோரிடாவின் ஆர்லாண்டோ வட்டாரத்துக்கு. அங்கே விடுதி அறைகளில் தங்கவைக்கப்பட்டவர்களுக்கான அரசு உதவி 2018 செப்டம்பரில் முடிந்துபோனது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, வாடகை முன்பணம், வேலைக்குத் தேவையான தொழில் உரிமத்தை மாற்றுவது என அவர்களின் தேவைகள் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு உரியவை அல்ல. அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் முன்பே குடியேறியிருந்த உறவினர்களும் தேவாலயங்களும்தான்.

தீவில் தங்கியவர்களில் விவசாயிகள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியவர்கள். பயிர் மதிப்பில் 80 சதவீதம் அழிந்ததாக வேளாண் துறை கணித்தது. காப்பிச் செடி நட்டால் பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். உணவுப் பெட்டி விநியோகம் நின்ற பிறகே விவசாயியின் தேவை தொடங்குகிறது: நாற்று, நிழல் மரம், அதுவரை குடும்பம் நடத்தப் பணம். வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் 2018-இல் சிறு விவசாயிகளுக்கு மானியம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியதை, அது பரிமாறிய சாப்பாடுகளுக்கு இணையாகவே நான் மதிக்கிறேன். அதற்குக் கிடைத்த விளம்பரம் மட்டும் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

2022 செப்டம்பர் 18 அன்று ஃபியோனா சூறாவளி வந்தது. முதல் நிலைப் புயல்தான். ஆனாலும் தீவு முழுவதும் மீண்டும் இருண்டது. மரியாவுக்குப் பின் ஒதுக்கப்பட்ட பெரும் மறுகட்டுமானப் பணத்தில் மின்கட்டமைப்புக்குச் செலவானது அதுவரை சிறு பகுதியே. அத்ஹுன்தாஸில் காசா புவெப்லோவின் தகடுகள் பொருத்திய வீடுகளிலும் கடைகளிலும் விளக்கு அணையவில்லை. அந்த ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள பத்துக்கும் மேற்பட்ட கடைகளை இணைத்து, பெரிய மின்கட்டமைப்பு நின்றாலும் தனியே இயங்கக்கூடிய நுண்மின் கட்டமைப்பு 2023 மார்ச்சில் முழுமையாக இயங்கத் தொடங்கியது. தகடுகளுக்குப் பணம் கொடுத்தவர்களில் அமெரிக்க மலையேற்ற வீரர் அலெக்ஸ் ஹோனால்டின் அறக்கட்டளையும் ஒன்று. கட்டமைப்பை நடத்துவது அந்தக் கடைக்காரர்களின் சங்கம். அடுத்த முறை மின்சாரம் போகும்போது மருந்துக் கடையும் ரொட்டிக் கடையும் ஊருக்காகத் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.